வாசலுக்கு சிமெண்ட் சரி, தோட்டத்துக்கு எதுக்கு?

அவலூர்பேட்டை பக்கம் ஒரு வீடு கட்டி முடியும் நேரத்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்தாயிற்று, கேட் மாட்டியாயிற்று, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போது மேஸ்திரி கேட்பார்: "பின்னாடி மண்ணாவே விட்டுடலாமா, சிமெண்ட் போட்டுடலாமா?" மூட்டை நாலைந்து மீந்திருக்கும். "போட்டுடுங்க மேஸ்திரி, மழை வந்தா ஒரே சேறு" என்பார் வீட்டுக்காரர். வேப்பமரத்தின் தூர் வரைக்கும் பூசி முடித்துவிடுவார்கள். அதோடு தோட்டம் காலி.

சேறு அல்லது சிமெண்ட், இந்த இரண்டை விட்டால் வேறு வழியே இல்லை என்று யார் சொன்னது? ஜல்லித் தளம் என்று ஒன்று இருக்கிறது. மண்ணை அரை அடி வெட்டி, ஓரம் கட்டி, ஜல்லி கொட்டி, இடித்து இறுக்கிய ஒரு திறந்த தளம். கட்டில் போடலாம், நாற்காலி போடலாம், துணி காயப்போடலாம். சேறு ஒட்டாது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

(ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுத் தோட்டப் படத்தைப் பார்த்துவிட்டு லாரிக்காரரிடம் "கிராவல்" என்று கேட்டுவிடாதீர்கள். ரோடு போடுகிற செம்மண் வந்து இறங்கிவிடும்! நம் ஊரில் கேட்க வேண்டியது ஜல்லி.)

தண்ணீர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை. பத்துக்குப் பத்து அடி இடம் என்றால் 9.29 சதுர மீட்டர். அதாவது, பின்பக்கத்தில் அந்தச் சின்ன சதுரத்தின் மேல் மட்டும் வருடத்துக்கு 9000 லிட்டருக்கு மேல் விழுகிறது. எல்லாமே மண்ணுக்குள் போய்விடாது, கொஞ்சம் ஆவியாகும், அடைமழையில் கொஞ்சம் வழியும். ஆனால் சிமெண்ட் போட்டால் ஏறக்குறைய முழுவதும் தெருவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஓடுகிறது. பாதி தெருச் சண்டைகளுக்கு மூலமே இதுதான்!

செஞ்சி வட்டாரத்துக்கு இது இன்னும் முக்கியம். கோட்டை நிற்கிற மலைகளைப் பார்த்தாலே தெரியும், அடியில் இருப்பதெல்லாம் கடும்பாறை. மேலே சிதைந்த கல்லும் மண்ணுமாக இருக்கும் அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். கிணறும் போரும் அதை நம்பித்தான். மேலிருந்து இறங்குகிற வழியை அடைத்துவிட்டு, "போர்ல தண்ணி இல்ல, இன்னும் நூறடி போடுங்க" என்று வண்டிக்காரரைக் கூப்பிடுவது என்ன நியாயம்?

2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழி வெட்டினார்கள், அதற்குள் போட்டது என்ன? ஜல்லிதான்! பிற்பாடு அந்தக் குழியின் மேலேயே சிமெண்ட் பூசிய வீடுகளும் உண்டு. மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், தரையில் விழும் தண்ணீரை மட்டும் ஏன் துரத்துகிறோமோ தெரியவில்லை.

"ஜல்லி வாங்க மலையைத்தானே உடைக்கணும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலைகளை வைத்தே பேர் வாங்கிய ஊர், 2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் சிமெண்ட் தளமும் ஜல்லியில்தான் போடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அதே பத்துக்குப் பத்து, நாலு அங்குல கனம் என்றால் 33 கன அடி. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் கான்கிரீட் போட்டால் சுமார் 29 கன அடி ஜல்லி, 14 கன அடிக்கு மேல் மணல், ஆறு மூட்டை சிமெண்ட். ஜல்லித் தளத்துக்கு வெறும் 33 கன அடி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அடியில் இரண்டு அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லும் ஓட்டுச் சில்லும் போட்டால் வாங்குவது அதிலும் பாதி. பழைய வீட்டை இடித்தவர்களிடம் சில்லு சும்மாவே கிடைக்கும்.

போடுவதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. கூழாங்கல் அழகுதான், ஆனால் காலடியில் உருளும். முனை உள்ள கல்தான் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். இருநூறு வருடத்துக்கு முன்பு மெக்காடம் ரோடு போட்டதும் இந்த நுட்பத்தை வைத்துத்தான். முக்கால் ஜல்லி பாதத்தைக் குத்தும். மேலே அரை ஜல்லி போதும். தரையை வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் வாட்டமாக வெட்டி, திம்ஸ் கட்டை போட்டு இடிக்க வேண்டும். ஓரத்தில் செங்கல்லையோ கருங்கல்லையோ பதிக்காவிட்டால் ஆறே மாதத்தில் ஜல்லி தோட்டம் முழுக்கப் பரவிவிடும். ஆடு கோழி உள்ள வீடு என்றால் ஆறு வாரம்! புல் வரக்கூடாதென்று அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் உண்டு. தண்ணீர் இறங்கத்தானே இத்தனை பாடு? கோரை எப்படியும் வரும், மழை விட்ட மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும்.

எல்லா இடத்துக்கும் ஜல்லி என்றும் சொல்லக்கூடாது. வாசலில் கோலம் போட வேண்டும், அங்கே ஜல்லியைக் கொட்டினால் அம்மாக்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மல்லாட்டை காயவைக்கிற வீட்டுக்குக் களம் மாதிரி ஒரு பக்கம் சிமெண்ட் வேண்டியதுதான், ஜல்லிக்குள் சிந்தியதைப் பொறுக்கி மாளாது. வேப்பிலை உதிர்கிற மாதத்தில் பெருக்குவது தொல்லை. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கும், தடுமாறி நடக்கிற தாத்தா பாட்டிக்கும் ஒரு பலகைக்கல் பாதை அவசியம். வெயிலில் ஜல்லியும் சுடும், நிழலுக்கு மரம்தான் கதி. தேள், பாம்பு பயம் பாதி உண்மை. இறுக்கிய இரண்டு அங்குல ஜல்லியில் அவை குடியிருக்க இடமில்லை, மூலையில் குவித்து வைத்த மீதிக் கல்லில் நிறைய இடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் பெத் சாட்டோ என்ற அம்மையார் 1990களின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தை ஜல்லித் தோட்டமாக மாற்றினார். அந்தப் பகுதியின் மழை சுமார் 500 மி.மீ., நம்மில் பாதி. வறட்சி தாங்கும் செடிகளாக நட்டு, வேர் பிடித்த பிறகு தண்ணீரே ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டார். அவர் வைத்த செடிகள் நமக்கு வேண்டாம். நம்மிடம் சோற்றுக்கற்றாழை, பிரண்டை, நித்தியகல்யாணி எல்லாம் இருக்கின்றன.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்த ஜல்லித் தளமும் ஈடு கொடுக்காது. இது வருடா வருடம் வரும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கான ஏற்பாடு. போடலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் தோட்டத்தில் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னதாகக் குழி வெட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டால் மண் தயார். மறுநாளும் நின்றால் களிமண். அப்போது இன்னும் ஆழமாக வெட்டிச் சில்லு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.