புகலிடம் கோருமுன்: நாம் வென்ற சட்டமே நமக்கு எதிர்வாதமாகும்போது

சாதி கடந்து மணந்தோரும், வன்கொடுமை வழக்குகளில் சாட்சியம் அளித்து மிரட்டலுக்கு உள்ளானோரும் வெளிநாட்டில் புகலிடம் கோருவது குறித்துச் சிந்திக்கின்றனர். அவர்களது அச்சம் உண்மையானது. ஆனால், அச்சம் உண்மையானது என்பதாலேயே விண்ணப்பம் வென்றுவிடாது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சாதி என்ற சொல் இல்லை. ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்ற காரணத்தின் கீழ் அதனை முன்வைக்க இயலும். பெருந்தடைகள் அதற்கு அப்பால்தான் உள்ளன.

முதல் தடை அரசின் பாதுகாப்பு பற்றியது. கொடுமை இழைப்போர் தனியாராக இருப்பின், அரசு காக்க மறுத்தது அல்லது காக்க இயலவில்லை என்று விண்ணப்பதாரரே காட்ட வேண்டும். அரசமைப்பின் 17ஆம் உறுப்பும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இந்தியா காக்கிறது என்பதற்கான சான்றுகளாக அங்கே எடுத்துவைக்கப்படும்.

இரண்டாவது, உள்நாட்டிலேயே வேறிடம் பெயரலாமே என்ற வாதம். கண்ணகி–முருகேசன் வழக்கு இதற்கு விடை தருகிறது. வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த கண்ணகியைத் தேடிக் கொண்டுவந்து, 2003இல் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்றனர். 2021இல் வெளியான தீர்ப்பில் காவல் துறையினரும் தண்டிக்கப்பட்டனர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சட்டம் வென்றதே என்பர் எதிர்த்தரப்பினர். இறந்து 18 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி, உயிரோடிருப்பவருக்கான பாதுகாப்பு ஆகாது என்பதே நம் மறுமொழி.

மூன்றாவது, விண்ணப்பமே விளைவிக்கும் இடர். அமெரிக்காவில், விதிவிலக்குகள் நீங்கலாக, நுழைந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அறிந்தே பொய்யாகப் புனைந்த விண்ணப்பம் குடியேற்றச் சலுகைகளுக்கு நிரந்தரத் தடையாகிவிடும். இந்தியாவைப் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் சேர்க்கும் முடிவை 2023 நவம்பரில் பிரிட்டன் அறிவித்தது. புகலிடம் பெற்றபின் இந்தியக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதோ ஊர் திரும்புவதோ அந்தப் பாதுகாப்பையே கேள்விக்குள்ளாக்கும். பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியாமற் போகலாம்.

ஆகவே, புறப்படுமுன்னரே ஆவணங்களைத் திரட்டுதல் இன்றியமையாதது. காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால், 1995ஆம் ஆண்டு விதிகளின் 5(3)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். வழக்கு நிலுவையில் இருப்பின், 15ஏ பிரிவின் கீழ் சிறப்பு நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோருங்கள். பாதுகாப்புக் கிடைத்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டிய தேவையே எழாது. மறுக்கப்பட்டால், அந்த மறுப்பே உங்கள் வலுவான சான்று.