எதிரி விமானத்துக்குள் ஒரு சின்னக் கல்



2022 ஆகஸ்ட் மாதம், உக்ரைன் நாட்டின் தலைநகரான கீவ் நகரில் ஒரு காட்சி. ஊரின் முக்கியச் சாலையில், எரிந்து துருப்பிடித்த ரஷ்ய டாங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெற்றோருடன் வந்த பிள்ளைகள் அவற்றின் மீது ஏறி விளையாடினார்கள். 2024 மே மாதம், ரஷ்யாவும் அதே போல் செய்தது. போர்க்களத்தில் பிடித்த அமெரிக்க, ஜெர்மன் டாங்கிகளை மாஸ்கோவில் ஒரு திடலில் வைத்து மக்களுக்குக் காட்டியது.

எதிரியிடம் பிடித்த ஆயுதத்தை ஏன் இப்படி ஊருக்கு நடுவே வைக்கிறார்கள்? "பார், நாங்கள் எவ்வளவு பலசாலிகள்!" என்று சொல்லத்தான். போர் நடக்கும்போது அந்தப் பொருள் சொல்லும் சேதி அது ஒன்றுதான். ஆனால், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து அதே பொருள் வேறு சேதி சொல்லுமா? சொல்லும். அதற்கு ஒரு விமானமே சாட்சி.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில், குட்டையான, வால் பக்கத்தில் படுக்கை இறக்கைகளே இல்லாத ஒரு ஜெர்மன் விமானம் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த வகை. பெயர் மெஸ்ஸர்ஷ்மிட் 163. செல்லப் பெயர் 'கோமெட்'. அப்படியென்றால் வால் நட்சத்திரம்!

பெயருக்கு ஏற்ற வேகம்தான். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சிறந்த போர் விமானமான மஸ்டாங் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. கோமெட்டின் வேகமோ சுமார் 960 கிலோமீட்டர்! காரணம், அதில் சுழலும் விசிறி கிடையாது. ராக்கெட் எஞ்சின்தான். இரண்டு விதமான ரசாயனத் திரவங்கள் ஒன்றோடு ஒன்று கலந்தவுடன், தீக்குச்சி இல்லாமலே பற்றி எரியும். அந்த நெருப்பு பின்பக்கம் சீறிப் பாய, விமானம் முன்னால் பாயும்.

ஆனால், எரிபொருள் ஏழெட்டு நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு காற்றில் மிதந்தபடியே கீழே இறங்க வேண்டும். மேலே கிளம்பியதும் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதனால் இறங்கும்போது வயிற்றுப் பக்கம் உள்ள சறுக்குக் கட்டை தரையில் உரசித்தான் நிற்கும். தொட்டியில் கொஞ்சம் திரவம் மிச்சமிருந்து, இறங்கும் அதிர்ச்சியில் கசிந்தால் வெடித்துவிடும். எதிரியை விடத் தன் விமானத்துக்கே விமானி அதிகம் பயப்பட வேண்டியிருந்தது!

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. வென்ற நாடுகள் இந்த மாதிரி விமானங்களைத் தேடித் தேடி எடுத்துச் சென்றன. காட்சிக்கு வைப்பதற்காகவா? இல்லை. அதன் ரகசியத்தைக் கற்றுக்கொள்வதற்காக. அப்படிக் கடல் கடந்து போன கோமெட்டுகளில் ஒன்று கனடாவின் தேசிய விமான அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது. டேட்டனில் 1999 முதல் பார்வைக்கு இருப்பது அதுதான்.

உள்ளே இருந்தது என்ன?

இந்த விமானத்தைச் சீரமைத்தபோது சில ஆச்சரியங்கள் வெளிப்பட்டன. எரிபொருள் தொட்டிக்கும், அதைப் பிடித்து நிறுத்தும் பட்டைக்கும் நடுவே ஒரு சின்னக் கல் செருகப்பட்டிருந்தது. கோமெட்டின் இறக்கை மரத்தால் ஆனது. பசையால் ஒட்டப்படுவது. அந்தப் பசையிலும் ஏதோ கலப்படம் செய்ததற்கான அடையாளம் தெரிந்தது. விமானத்தின் உட்பக்கத்தில் பிரெஞ்சு மொழியில், தாய்நாட்டுப் பற்றைக் காட்டும் சொற்களும் எழுதப்பட்டிருந்தன.

ஜெர்மன் விமானத்துக்குள் பிரெஞ்சு எழுத்து எப்படி வந்தது?

விடை வருத்தமானது. ஜெர்மன் ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் ஆலைகளில் ஆள் இல்லை. அதனால், தான் பிடித்த நாடுகளில் இருந்து மக்களைக் கொண்டு வந்து ஹிட்லரின் அரசு வேலை வாங்கியது. 1944-ல் ஜெர்மனியில் இப்படி 70 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டினர் உழைத்தார்கள். பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் அல்லர். பிரான்சில் இருந்து மட்டும், கட்டாய உழைப்புச் சட்டங்களின் கீழ், சுமார் 6 லட்சம் பேர் அனுப்பப்பட்டனர். போர்க் கைதிகளும், முகாம்களில் அடைக்கப்பட்டவர்களும் வேலை செய்தனர்.

இப்போது அந்தக் கல்லை நினைத்துப் பாருங்கள். விமானம் அதிரும்போது கல் தொட்டியை உரசும். உரசி உரசி ஓட்டை விழுந்தால் போதும், மற்றதை எரிபொருளே பார்த்துக்கொள்ளும். இதைச் செய்தவரிடம் துப்பாக்கி இல்லை. பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். ஆனாலும் செய்தார். அதே சமயம், அந்த விமானத்தில் ஏறப் போகும் இளைஞனின் உயிரும் அந்தக் கல்லில்தான் இருந்தது. அதையும் மறக்கக் கூடாது. போர் மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, பாருங்கள்.

உடைப்பதா, வைப்பதா?

"கொடுங்கோலன் அரசின் ஆயுதத்தை அருங்காட்சியகத்தில் வைக்கலாமா? உடைத்து எறிய வேண்டாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். "எவ்வளவு வேகம்! எவ்வளவு அழகு!" என்று மட்டும் வியந்து போனால், அது செய்த தீமை மறந்து போகும்.

ஆனால், 1945-லேயே இதை உடைத்து உருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கல்லும் குப்பையோடு போயிருக்கும். கூடவே, எதிர்த்து நின்ற அந்த ஏழைத் தொழிலாளியின் கதையும் போயிருக்கும். தளபதிகளின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. கல்லைச் செருகிய கைக்கு இந்த விமானம்தான் புத்தகம். ஆகவே பாதுகாக்க வேண்டும். கூடவே, யார் செய்தது, எப்படிச் செய்ய வைத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

நீங்கள் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், பீரங்கியோ வாளோ விமானமோ எதைப் பார்த்தாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை உண்டாக்கியவர் யார்? இதனால் துன்பப்பட்டவர் யார்? இதை இங்கே வைத்தவர் நமக்கு எதைச் சொல்ல நினைக்கிறார்?

கீவ் நகரிலும் மாஸ்கோவிலும் நின்ற டாங்கிகளிடமும் ஒரு நாள் இதே கேள்விகளை யாராவது கேட்பார்கள். கேட்பவர் உங்கள் வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.