ஆளை விட்டு, விஷயத்தைப் பேசுவோம்



ஊறுகாய், குழந்தைக்கு இருமல், கோலப் போட்டி என்று பேசிக் கொண்டிருந்தவரை எங்கள் தெரு மாதர் மன்றத்தில் ஒரு சண்டையும் வந்ததில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைப்பது சரியா என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான்!

"சுத்தத்துக்காகத்தானே வைக்கிறோம், இதுல என்ன தப்பு?" என்றார் ஒரு பெரியம்மா.

"சுத்தமா? உங்க வீட்டுப் பாத்திரம் மொத்தமும் அவ கையாலதானே தேய்க்கறா? உங்களுக்கெல்லாம் மனசு முழுக்க ஜாதிதான்!" என்று வெடித்தாள் ஓர் இளம் தாய்.

பெரியம்மா விருட்டென்று எழுந்து போய்விட்டார். தலைவி என்ற ஹோதாவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணிடம், "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? கொஞ்சம் அமைதியா இரும்மா" என்றேன்.

அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன்.

"எங்கம்மா நாலு வீட்டுல வேலை செஞ்சுதான் என்னைப் படிக்க வச்சாங்க அக்கா. கொல்லைப்புற மாடத்துல கவிழ்த்து வச்சிருக்கிற டம்ளர்லதான் அவங்களுக்குக் காபி. நான் எப்படி அமைதியாப் பேசுவேன்?" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. வலி பட்டவளின் வாயை அடைத்துவிட்டு, அதற்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருக்கிறேன்! மன்னிப்புக் கேட்டுக் கொண்டேன். பெரியம்மா வீட்டுக்கும் போனேன். "பேசலாம். ஆனா பத்துப் பேர் முன்னாடி என்னைக் கூண்டுல ஏத்தாதே" என்றார். அதுவும் நியாயம்தானே?

அடுத்த கூட்டத்துக்கு முன்பே சில விதிகள் வைத்துக் கொண்டோம். உங்கள் மன்றத்துக்கும் உதவும்.

1. பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வட்டமாகப் பாயில் உட்காருங்கள்.

2. ஒரு பனையோலை விசிறியைச் சுற்றி வர விடுங்கள். விசிறி யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டுமே பேசலாம்.

3. "நீங்க", "உங்க ஜனங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். "எங்க வீட்டுல", "எனக்கு" என்று ஆரம்பியுங்கள்.

4. பழக்கத்தைக் கண்டியுங்கள், ஆளுக்குப் பட்டம் கட்டாதீர்கள். பட்டம் கட்டினால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக் கொள்ளத்தான் பார்ப்பார், டம்ளரை மறந்துவிடுவார்.

5. பதில் சொல்லும் முன், "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

6. அனுபவித்தவர் பேசும்போது குரல் உயரும், அழுகை வரும். தடுக்காதீர்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

7. தலைவி முதலில் தன் வீட்டுக் குறையைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கசந்தது. ஏனென்றால், எங்கள் வீட்டிலும் தனி டம்ளர் இருந்தது! தொண்டை அடைக்க அதைச் சொன்னேன். பிறகு ஒரு சகோதரி சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினார். 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஓட்டலில் உள்ள பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுத்தால் 1955-ம் வருஷச் சட்டப்படி தண்டனை உண்டு. ஆனால் நம் சமையலறையில் போலீஸ்காரரா வந்து நிற்பார்? நம் மனசுதான் நிற்க வேண்டும்.

விசிறி பெரியம்மாவிடம் வந்தது. வெகுநேரம் சும்மா இருந்தார். "மாமியார் வச்ச வழக்கம். ஏன்னு நான் கேட்டதே இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வீட்டு டம்ளர் மாறியதா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். அந்த இளம் தாயின் பக்கத்திலேயே உட்காருகிறார்.

மறுநாள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை உட்காரச் சொல்லி, நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுத்தேன். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் ஆச்சாம்மா இதுக்கு?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தையும் ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்!