மடக்குக் கத்தி: மிரட்டவா, நறுக்கவா?

பையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, அதற்குக் காத்திருக்கும் வேலையை. அதை மறந்தால் பதில் சொல்வது விரல். சில ஊர்களில் சட்டமும் கேள்வி கேட்கும்.

தில்லியிலிருந்து நைனிதாலுக்கும் குமாவூன் மலைகளுக்கும் போகிறவர்கள் வழியில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரைக் கடக்கிறார்கள். ரோகில்லா நவாப் பைசுல்லா கான் நிறுவிய ஊர். அபூர்வ ஓலைகளும் கையெழுத்துப் பிரதிகளும் நிறைந்த ரஜா நூலகம் இங்குதான் இருக்கிறது. ஆனால் 2023 மார்ச்சில் இந்த ஊர் தன் சின்னமாக நாற்சந்தியில் நிறுத்தியது புத்தகத்தை அல்ல; சுமார் 20 அடி நீளமுள்ள ஒரு கத்தியை.

காரணம் இருக்கிறது. ராம்பூரி என்றாலே வட இந்தியாவில் கத்திதான். 1965ல் வந்த ‘வக்த்’ படத்தில் நடிகர் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசிய வசனம் இன்றும் இந்தி ரசிகர்களுக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு எத்தனையோ வில்லன்கள் இருட்டுச் சந்தில் மடக்குக் கத்தியை விரித்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் அலகு பாய்ந்து வெளியே வரும் வகை ஒன்று. பற்களில் ஏறிக் ‘கடகட’வென்று ஓசையோடு விரியும் வகை இன்னொன்று. பாதி வேலையை அந்த ஓசையே முடித்துவிடும். எதிரே நிற்பவர் பின்வாங்கிவிடுவார்.

அந்த ஓசையே தொழிலுக்கு வினையாகவும் ஆனது. 1990களில் உத்தரப் பிரதேச அரசு 4.5 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு செய்வதற்குத் தடை போட்டது. ஒன்பது அங்குலமும் அதற்கு மேலும் செய்து பழகிய பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிரட்டுவதற்குப் பேர்போன கருவிக்கு, மிரட்டல் போனபின் சொல்லிக்கொள்ள வேறு வேலை அதிகமில்லை.

மடக்குக் கத்தி வாங்க நினைக்கும் எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கடையில் கண்ணைக் கவர்வது ஒன்று, கைக்கு உதவுவது வேறொன்று. ராம்பூரைத் தாண்டி மலை ஏறும்போது இது தெளிவாகிவிடும்.

குமாவூனில் ஒரு வாரம் நடக்கப் போகிறவருக்குக் கத்தியால் என்ன வேலை? கூடாரக் கயிற்றை அறுப்பது, உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்குவது, பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பிரிப்பது, காலில் கொப்புளம் வந்தால் பிளாஸ்திரியை வெட்டுவது. இத்தனைக்கும் மூன்று அங்குல அலகு போதும். நகரத்தில் தேவை இன்னும் குறைவு: கூரியர் பார்சலின் டேப், சட்டையில் தொங்கும் நூல், மதிய இடைவேளையில் ஒரு ஆப்பிள். இதற்கு ஆறு செ.மீ. அலகே தாராளம்.

விறகு பிளப்பதை யாராவது நினைவூட்டலாம். அது மடக்குக் கத்தியின் வேலையே அல்ல. மடக்குக் கத்தியின் பலவீனமான இடம், அலகைப் பிடியோடு இணைக்கும் அந்த ஒற்றை ஆணி. அலகின் முதுகில் கட்டையால் அடித்து மரத்தைப் பிளக்க முயன்றால் முதலில் ஆடத் தொடங்குவது அந்த ஆணிதான். அதற்கு மடங்காத கத்தியோ சிறு கோடரியோ வேண்டும். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் மரம் வெட்டவே கூடாது என்பதால், பெரும்பாலான பயணிகளுக்கு இந்தத் தேவை எழுவதே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், பொதுவாக மூன்று வகைகள் எதிர்ப்படும்.

முதலாவது, சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் ராணுவக் கத்தி. கார்ல் எல்ஸனர் 1884ல் தொடங்கிய பட்டறை 1891ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி வழங்கியது. இன்று உலகம் அறிந்த வடிவத்துக்கு மூலமான அதிகாரிகள் கத்தி 1897ல் பதிவானது. விக்டரினாக்ஸ் என்ற பெயரில் வரும் இக்கத்திகளில் மிகச் சிறியது மடக்கினால் 58 மி.மீ.; எடை ஏறக்குறைய 20 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும். நடுத்தர வகை 91 மி.மீ.; டின் திறப்பான், பாட்டில் திறப்பான், திருப்புளி எல்லாம் கூடவே வரும். வாங்குகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது ‘எத்தனை கருவி’ என்ற எண்ணிக்கையில். 33 வேலைகள் செய்யும் ‘சுவிஸ் சேம்ப்’ 185 கிராம் எடை. சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். நாலாம் நாள் அது மேஜை டிராயருக்குப் போய்விடும். வீட்டில் தூங்கும் 33 கருவிகளைவிடப் பையில் இருக்கும் நான்கு கருவிகள் மேல்.

இரண்டாவது, பிரான்சின் சவாய் பகுதியில் 1890ல் ஜோசப் ஒப்பினெல் செய்த விவசாயிகளின் கத்தி. மரப்பிடி, ஒரே அலகு, வேறெதுவும் கிடையாது. 1955 முதல் அலகின் அடியில் ஒரு உலோக வளையம் சேர்ந்தது. அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அளவுகளுக்கு எண்தான் பெயர்: 6ஆம் எண்ணின் அலகு 7 செ.மீ., 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. அலகு மெல்லியது என்பதால் பழமும் காய்கறியும் நறுக்க இதற்கு ஈடு குறைவு. குறை ஒன்று உண்டு: மழையில் நனைந்தால் மரப்பிடி உப்பி அலகைப் பிடித்துக்கொள்ளும், காய்கிற வரை திறக்க வராது. ஜூலை மாதத்து மும்பையில் இது சிறிய குறையல்ல.

மூன்றாவது, கறுப்புப் பூச்சும் ரம்பப் பல்லும் கொண்டு ஒரு கையால் ‘டக்’கென்று விரியும் பெரிய கத்தி. ராம்பூரியின் புதிய அவதாரம். இதில் நல்ல தயாரிப்புகளும் உண்டு. ஆனால் நடைபாதையில் கிடைப்பவற்றில் பல, தோற்றத்துக்கு மட்டுமே விலை வாங்குபவை. அலகு தடிமன் என்பதால் ஆப்பிளை நறுக்காது, பிளக்கும்.

எந்த வகையானாலும் காசை எடுக்கும் முன் கடையிலேயே ஐந்து நிமிடச் சோதனை செய்துவிடலாம்.

கத்தியை விரித்து, அலகின் நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம், புதிதிலேயே ஆடுவது நாளாக ஆக இறுகாது. மடக்கிய நிலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அலகு பிடியின் நடுவில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால், மடக்கும் ஒவ்வொரு முறையும் கூர் தேயும். பெயர்பெற்ற கம்பெனியின் கத்தி என்றால் அலகின் அடிப்பகுதியில் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும். சிவப்பு பிளாஸ்டிக்கும் சிலுவைச் சின்னமும் மட்டும் அசலுக்கு அத்தாட்சி அல்ல.

அடுத்தது பூட்டு. விரல் தப்புவதும் அறுபடுவதும் இங்கேதான். சாதாரணப் பேனாக் கத்தியிலும் சிறிய சுவிஸ் கத்திகளிலும் பூட்டு கிடையாது. முதுகிலுள்ள ஸ்பிரிங் அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். நறுக்கும்போது விசை கூரின் பக்கம் இருப்பதால் ஆபத்தில்லை. நுனியால் குத்தித் துளை போட முயன்றால்தான் அலகு மடங்கி விரல்மேல் விழும். பூட்டுள்ள கத்தியென்றால், பூட்டியபின் அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து, விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடித்து, மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். சற்றே நழுவினாலும் அந்தப் பூட்டு ஏமாற்று. நம்ப முடியாத பூட்டைவிடப் பூட்டே இல்லாத கத்தி நல்லது. அதைப் பயன்படுத்துகிறவர் எச்சரிக்கையாகவாவது இருப்பார்.

பிறகு எஃகு. அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தால் அதில் குரோமியம் சேர்ந்திருக்கிறது, துரு எளிதில் ஏறாது என்று பொருள். கூர் நிற்குமா என்பதற்கு அது பதிலல்ல. கூர் நிற்பது எஃகுக்குக் கொடுத்த பதத்தைப் பொறுத்தது. அதை ராக்வெல் என்ற கடினத்தன்மை எண்ணால் அளக்கிறார்கள். சுவிஸ் கத்திகள் 56ஐ ஒட்டி நிற்பவை: கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் சில நிமிடம் தீட்டினால் திரும்பி வரும். 60ஐத் தாண்டிய விலையுயர்ந்த எஃகுகள் பல மாதம் கூர் தாங்கும்; மழுங்கினால் வைரத்தூள் பதித்த கல் கேட்கும். மலையில் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? கார்பன் எஃகு நன்றாகத் தீட்ட வரும்; ஆனால் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், கடலோர ஊர்க் காற்றில் துடைக்காமல் வைத்தால் துரு பூக்கும். சென்னை, கொச்சி, மும்பை, விசாகப்பட்டினத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான் நிம்மதி.

கூர் போய்விட்டால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பது வழக்கம். அரிவாளுக்கு அது சரி. மெல்லிய மடக்குக் கத்தி, வேகமாகச் சுழலும் சக்கரத்தில் நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது; எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டிலேயே தண்ணீர் தெளித்த கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் நிதானமாகத் தீட்டுவது மேல். சோதிக்க விரல் வேண்டாம். செய்தித்தாளின் விளிம்பு போதும். கிழிக்காமல் அறுத்தால் கூர் வந்துவிட்டது. மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு: மழுங்கினால் அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும். கீலுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் குமாவூன் குளிரில் உறைந்து கத்தியையே இறுக்கிவிடும்.

இனி சட்டம். மலையிலிருந்து திரும்பும் பயணி ராம்பூரில் இறங்கி, நினைவுக்காக நாலரை அங்குல பட்டன் கத்தி ஒன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 200 கி.மீ. தள்ளி தில்லியில் நுழையும்போது அதே கத்தி வேறு பொருளாகிவிடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதமாகக் கருதுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. தில்லியில் இதற்கு மேல் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்காலோ பட்டனாலோ வேறு இயந்திர அமைப்பாலோ இயங்கும், 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய அலகுள்ள கத்திகளை அது கட்டுப்படுத்துகிறது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம்.

இந்த அறிவிக்கையின் பேரில் தொடரப்பட்ட ஒரு வழக்கை 2025ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டன் கத்தி கையில் இருந்தது என்பது மட்டும் போதாது. உற்பத்தி, விற்பனை, விற்பனைக்காக வைத்திருத்தல் போன்ற அறிவிக்கை சொல்லும் நோக்கமும் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நல்ல செய்திதான். ஆனால் அந்த நிவாரணம் கிடைத்தது உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பிறகு. ஒரு மடக்குக் கத்திக்காக அவ்வளவு தூரம் நடக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

விமானத்தில் கேள்வியே இல்லை: எவ்வளவு சிறிய கத்தியானாலும் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்குவதை மறந்து பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்தவர்களுக்குக் கணக்கில்லை.

ஆக, தேர்வு அவ்வளவு கடினமல்ல. நகரத்துக்கு 58 மி.மீ. சுவிஸ் கத்தியோ அதற்கு இணையான எளிய பேனாக் கத்தியோ போதும். மலைக்கும் காட்டுக்கும் 91 மி.மீ. வகை, அல்லது சமையலே முக்கிய வேலை என்றால் ஒப்பினெல் 6ஆம் எண், ஸ்டெயின்லெஸ் அலகோடு. இவை அனைத்தும் மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் அலகுகள். இரண்டு கையால், நிதானமாகத் திறப்பவை. இரவு பதினோரு மணிக்கு நாற்சந்தியில் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொல்லி, இது எதற்கு என்று கேட்டால், ‘மாம்பழம் நறுக்க’ என்ற பதில் இந்தக் கத்திகளுக்குப் பொருந்தும். பட்டன் கத்தியை நீட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னால் சொல்பவருக்கே சிரிப்பு வரும்.

ராம்பூரின் நாற்சந்தியில் நிற்கும் 20 அடிக் கத்தியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை. பழம் நறுக்குவது சட்டைப் பையில் இருக்கும் மூன்று அங்குலம்தான்.