பிரேம்கள் எங்கே தவறுகின்றன?



கணிப்பொறியில் விளையாடுவதோடு நில்லாமல், விளையாடும்போதே அதைப் பதிவு செய்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இதில் நேரம் போவது பற்றிப் பெற்றோர்கள் சொல்வதை நானும் சொல்லப் போவதில்லை. நான் பேச வந்தது வேறு. பதிவு செய்த படத்தைப் பார்த்தால், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் நின்று, பிறகு சட்டென்று தாவுகிறது. விளையாடியபோது இப்படி இல்லையே என்று வியப்படைகிறீர்கள். "பிரேம் டிராப் ஆகிறது" என்று நண்பன் சொல்கிறான். அடுத்த வாரம் அப்பாவிடம் புதிய கிராபிக்ஸ் கார்டு கேட்கிறீர்கள். என்னுடைய ஆட்சேபணை இந்தக் கடைசி வாக்கியத்தின் மீதுதான்.

கோளாறு எங்கே என்று தெரியாமல் ஏன் கார்டு வாங்க வேண்டும்? கடைக்காரர் சொன்னார், காணொளியில் ஒருவர் சொன்னார் என்பதெல்லாம் காரணம் ஆகாது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். விநாடிக்கு 60 பிரேம் வீதம் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 1000 மில்லி விநாடியை 60-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 16.7 மில்லி விநாடி. திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்றால் ஒரு பிரேம் ஏறக்குறைய 6.2 மெகாபைட். விநாடிக்கு 60 பிரேம் என்றால் 373 மெகாபைட். இதை அப்படியே எழுதி வைத்தால் ஒரே நிமிடத்தில் 22 கிகாபைட்டுக்கு மேல் போய்விடும்! ஆகவே படத்தைச் சுருக்கித்தான் சேமிக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது என்கோடர். 2003-ல் தரப்படுத்தப்பட்டு இன்றும் மிகப் பரவலாக இருக்கும் எச்.264 முறை, ஒவ்வொரு பிரேமையும் 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. மேலே சொன்ன திரையில் இப்படி 8,160 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய பிரேமில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தேடி, வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொள்கிறது. விநாடிக்கு 4,89,600 கட்டங்கள்! அதுவும் நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும் அதே இயந்திரத்தில், விளையாட்டுக்கு இடையூறு இல்லாமல்.

ரேஷன் கடையில் நின்றிருப்பீர்கள். ஒருவர் பில் போடுகிறார். அடுத்தவர் எடை போடுகிறார். வரிசை நகரும் வேகம் இருவரில் மெதுவானவரின் வேகம்தான். பில் போடுபவர் தாமதம் செய்யும்போது எடை போட இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் வரிசை ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக நகராது. பதிவு செய்வதும் இப்படி ஒரு வரிசையே. கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைந்து தர வேண்டும். என்கோடர் சுருக்க வேண்டும். வட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. ரேஷன் கடையில் தாமதமானால் நாம் காத்திருப்போம். இங்கே 16.7 மில்லி விநாடிக்குள் முடியாத பிரேம் காத்திருப்பதில்லை. அது போனது போனதுதான்.

அப்படியானால் தாமதம் செய்பவர் யார்? இதைக் கண்டுபிடிக்க வசதி ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. பலர் பயன்படுத்தும் ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவச மென்பொருள். அதில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒரு பலகை உண்டு. பிரேம் இழப்பை அது மூன்று கணக்காகப் பிரித்துக் காட்டுகிறது. ரெண்டரிங் தாமதத்தால் தவறியவை, என்கோடிங் தாமதத்தால் தவறியவை, வலைத் தொடர்பினால் தவறியவை. மூன்றாவது நேரடி ஒளிபரப்புச் செய்வோருக்கு மட்டும். வட்டில் பதிவு செய்பவர்கள் அதை மறந்துவிடலாம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி "பிரேம் டிராப்" என்ற ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதித் தொல்லை. காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பது போல.

ரெண்டரிங் எண் ஏறுகிறதா? கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் விளையாட்டே எடுத்துக்கொள்கிறது, ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் வைப்பதில்லை என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். விநாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையை வைத்துக்கொண்டு, விளையாட்டை 140 பிரேம் வரை ஓடவிடுகிறார்கள். திரை முழுதாகக் காட்ட முடியாத பிரேம்களை வரைவதற்காகக் கார்டு திணறுகிறது. விளையாட்டின் அமைப்புகளில் உச்சவரம்பை 60 என்று வைத்தாலே பெரும்பாலும் ஓபிஎஸ்ஸுக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிடும். (போட்டிகளில் ஆடுபவர்கள் விசையை அழுத்தியதும் எதிர்வினை சற்று முன்னதாகக் கிடைக்கும் என்பதற்காக வரம்பை எடுத்துவிடுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் அதற்கேற்ற இயந்திரம் வைத்திருப்பவர்கள்.)

என்கோடிங் எண் ஏறினால் கதை வேறு. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் மையச் செயலியில் ஓடுகிறது. அதற்கு மிக வேகமானதிலிருந்து மிக மெதுவானது வரை பல நிலைகள் உண்டு. மெதுவான நிலையில் அது அதிகம் தேடும். அதே அளவுக் கோப்பில் படம் தெளிவாக இருக்கும். வேகமான நிலையில் குறைவாகத் தேடும். கோப்பு சற்றுப் பெரிதாகும் அல்லது தெளிவு குறையும். தெளிவு வேண்டுமென்று மெதுவான நிலையை வைத்துப் பிரேம்களை இழப்பது லாபமில்லாத வியாபாரம். மேலும் 2011, 2012-லிருந்தே இன்டெல், என்விடியா, ஏஎம்டி நிறுவனங்கள் என்கோடிங்குக்கென்றே தனிச் சுற்றுகளைத் தங்கள் சில்லுகளில் சேர்த்து வருகின்றன. உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இது சும்மா தூங்கிக்கொண்டிருக்கக் கூடும். கார்டு வாங்குமுன் இதை எழுப்பிப் பார்த்தால் என்ன?

வட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலர் அதன்மீது அநியாயமாகப் பழி போடுகிறார்கள். காரணம் பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள குழப்பம். விநாடிக்கு 20 மெகாபிட் என்று பதிவு செய்தால் எட்டால் வகுக்க வேண்டும், வருவது 2.5 மெகாபைட். சாதாரணச் சுழலும் வட்டுக்கு இது ஒரு சுமையே அல்ல. பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்பவர்களும், வட்டு நிரம்பி வழியும்வரை காலி செய்யாதவர்களும் மட்டும் கவலைப்படட்டும்.

இனி, சோதனையை எப்படிச் செய்வது? ஒரே விளையாட்டு, ஒரே இடம், ஐந்து நிமிடம். ஒவ்வொரு நிமிட முடிவிலும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் ஐந்து நிமிடம். மூன்று அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால், எதனால் சரியாயிற்று என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. காணொளிகளில் வரும் "இந்தப் பதினைந்து அமைப்புகளை மாற்றுங்கள்" என்ற பட்டியல்கள் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். அவற்றில் இரண்டு உதவலாம். மற்ற பதின்மூன்றும் என்ன செய்தன?

எனக்குத் தெரிந்த ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவரின் கதை இது. அவருடைய பதிவுகளில் படம் தாவியது. கடையில் 25,000 ரூபாய்க்குக் கார்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பணம் புரட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்து வரைபடம் போடச் சொன்னேன். முதல் பன்னிரண்டு நிமிடம் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அதன்பின் ஒரே ஏற்றம். ஏறியதும் என்கோடிங் எண்தான். கார்டுக்குத் திறன் போதவில்லை என்றால் முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டாமா? பன்னிரண்டு நிமிடம் காத்திருந்து வரும் கோளாறு எது? சூடு! கணிப்பொறிப் பெட்டி மேசையின் கீழே கதவுள்ள மர அலமாரிக்குள் அடைபட்டிருந்தது. சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. உடனே என்கோடர் பின்தங்கியது. கதவைத் திறந்து ஒரு மேசை விசிறியை வைத்து மறுபடி பதிவு செய்தார். நாற்பது நிமிடமும் கோடு தரையிலேயே இருந்தது. இப்போது பெட்டி அலமாரிக்கு வெளியே இருக்கிறது. அவ்வளவுதான் செலவு.

இதை நான் விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரிக்கு வரும் மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். எனவே அளவுகள் அதற்கேற்ப 'ஒழுங்காக' வந்துவிடுகின்றன! விடை தெரிந்த சோதனையில் அளப்பதற்கு என்ன அவசியம்? உங்கள் கணிப்பொறியில் பிரேம் ஏன் தவறுகிறது என்பதற்கோ எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் விடை இல்லை. அளந்தால்தான் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் கிடைக்காத ஒரு நல்ல சோதனை உங்கள் வீட்டு மேசைமீது இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையல்ல.

எத்தனை பிரேம் தவறினால் பரவாயில்லை என்று கேட்பீர்கள். பத்து நிமிடப் பதிவில் 36,000 பிரேம்கள். அதில் 36 தவறினால் ஆயிரத்தில் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆனால் அந்த 36-ம் தொடர்ந்து தவறினால் அரை விநாடிக்கு மேல் படம் உறைந்து நிற்கும். ஆகவே மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. எப்போது தவறின என்பதும் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எல்லா எண்களும் பூச்சியம். ஆனாலும் படம் எப்போதாவது ஒரு முறை இடறுகிறது என்றால்? இதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. மில்லி விநாடி காட்டும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, அதை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் 'ஈ' விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். அடுத்தடுத்த பிரேம்களில் கடிகாரம் 16 அல்லது 17 மில்லி விநாடி கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரே எண் இரு முறை வந்து, அடுத்தது 33 கூடியிருந்தால் நடுவில் ஒரு பிரேம் உண்மையிலேயே தவறிவிட்டது. ஒரே எண் இரு முறை வந்து, அடுத்தது வெறும் 17 மட்டும் கூடியிருந்தால்? எதுவும் தவறவில்லை. அந்தக் கணத்தில் பதிவு செய்யப் புதிய பிரேமே இல்லை!

இது எப்படி? இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால் அதிர்வெண் வித்தியாசத்துக்கு ஏற்ப விம்மல்கள் கேட்கும் அல்லவா? அதேதான். பல திரைகள் சரியாக 60 முறை புதுப்பிப்பதில்லை, 59.94 முறை புதுப்பிக்கின்றன. ஓபிஎஸ்ஸோ விநாடிக்கு 60 பிரேம் எடுக்கிறது. வித்தியாசம் 0.06. ஒன்றை அதனால் வகுத்தால் 16.7 விநாடி. அத்தனை விநாடிக்கு ஒரு முறை ஓபிஎஸ் பழைய பிரேமையே மறுபடி எடுத்துக்கொள்கிறது. பதிவு வேகத்தையும் 59.94 என்று அமைத்துவிட்டு, அதே கடிகாரத்தை மறுபடி ஒரு நிமிடம் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள்.