திரும்பியவர் திருப்பித் தர வேண்டாமா?



வழக்கமாகக் கட்டுரைப் பயிற்சியையும் இலக்கணத்தையும் பற்றி எழுதும் நான், இன்று என் சபையைப் பற்றி எழுத முனைகிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆயினும், தவறு செய்த பெரியவர்கள் அதன்பின் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் எல்லா வீடுகளிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே, இது நம் அனைவருக்கும் பொதுவான செய்தியே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆராதனை. சாட்சி சொல்லும் நேரத்தில் சபை மூப்பர் ஒருவர் எழுந்து முன்னே வந்தார். தாம் நடத்திய கூட்டுப் பணத்தில் தவறு நேர்ந்துவிட்டதாகவும், தேவன் தம்மை உணர்த்தியதாகவும், தாம் மனந்திரும்பிவிட்டதாகவும் கூறித் தேம்பித் தேம்பி அழுதார். போதகர் அவரைக் கட்டித் தழுவினார். சபை கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

கடைசி வரிசையில் ஓர் அம்மையார் கைதட்டாமல் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி விற்று அவர் சேர்த்த 6,000 வெள்ளி அந்தக் கூட்டில் போயிருந்தது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. புகார் கொடுத்தால் தமக்கும் தொல்லை வருமோ என்ற அச்சத்தில் அவர் காவல் நிலையத்திற்கும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் அவருடைய பேரன் என்னிடம் கேட்டான்: “டீச்சர், அங்கிள் பாட்டி காசைக் குடுத்துட்டாரா?”

என்னிடம் பதில் இல்லை. சபையிடமும் இல்லை. சில மாதங்களில் மூப்பர் மீண்டும் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். பணத்தைப் பற்றிக் கேட்ட அம்மையாருக்கோ, “மனசுல கசப்பு வைக்காதீங்க அக்கா, ஆசீர்வாதம் தடைபடும்” என்ற அறிவுரை கிடைத்தது. அவர் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். இன்று வரை அந்தப் பணம் வரவில்லை.

நண்பர்களே, இதற்குப் பெயர்தான் மனந்திரும்புதலா?

நான் இறையியல் கற்றவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ் கற்றவள். எனவே, எனக்குத் தெரிந்த இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். ‘திரும்பு’ என்பது தன்வினை. ‘திருப்பு’ என்பது அதன் பிறவினை. ‘திருந்து’, ‘திருத்து’ என்பனவும் அவ்வாறே. நம் சபைகள் தன்வினையை மட்டும் வைத்துக்கொண்டு பிறவினையை மறந்துவிட்டன. மனம் திரும்பியதாம், ஆனால் எடுத்தது திருப்பித் தரப்படவில்லை! ஆள் திருந்திவிட்டாராம், ஆனால் செய்த பிழை திருத்தப்படவில்லை!

பள்ளியில் நாம் இதை ஏற்போமா? சொல்வதெழுதுதலில் பத்துச் சொற்களைப் பிழையாக எழுதிய மாணவன், “டீச்சர், மனம் வருந்துகிறேன்” என்று அழுதால் கண்ணீரைத் துடைத்துவிடுவோம். ஆனால், திருத்தம் எழுதாமல் அவனை விடுவதில்லை. பிழையின் கீழே சரியான சொல்லை அவன் தன் கையால் எழுத வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்பதை ஐம்பது வயது மூப்பரிடம் கேட்கக் கூசுகிறோம்.

வேதம் என்ன சொல்கிறது? லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், யோவான் ஸ்நானகன் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிறார். அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். அவர் யாரையும் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிப்பவர்கள் விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்கக் கூடாது. போர்வீரர்கள் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, தங்கள் சம்பளத்தில் நிறைவு கொள்ள வேண்டும். அவரவர் தொழிலில், அவரவர் கைபட்ட இடத்தில் மாற்றம். அதுதான் அவர் கேட்ட கனி.

சகேயுவின் கதையை நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். குள்ளமான மனிதர் மரத்தில் ஏறியதை நாம் பாட்டாகப் பாடிக் கைகளை அசைத்துக் காட்டுகிறோம். அவர் மரத்திலிருந்து இறங்கிய பின் செய்ததை அந்த அளவுக்கு அழுத்திச் சொல்வதில்லை. தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் வாக்களித்தார். அதன் பின்னரே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார்.

எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இன்னும் தெளிவு. பிறருக்குத் தீங்கிழைத்தவன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். முதலைத் திருப்பித் தர வேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பாதிக்கப்பட்டவர் கையிலேயே கொடுக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவனும் இந்தக் கணக்கைச் செய்துவிடுவான்: 6,000 வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு 1,200 வெள்ளி, மொத்தம் 7,200 வெள்ளி. சபைக்குத்தான் இந்தக் கணக்கு வரவில்லை.

இப்படிப் பேசினால் மூன்று மறுப்புகள் வருகின்றன.

முதல் மறுப்பு: “இரட்சிப்பு கிருபையினால்; கிரியையினால் அல்ல.” உண்மைதான். அதை நானும் விசுவாசிக்கிறேன். சகேயு பணம் கொடுத்து இயேசுவைத் தம் வீட்டுக்கு அழைக்கவில்லை. இயேசுவே முந்திக்கொண்டு பெயர் சொல்லி அழைத்தார். கிருபை முதலில் வந்தது. ஆனால், கிருபை வந்த வீட்டில் பணப்பெட்டி திறந்தது. கிரியைகளால் இரட்சிப்பில்லை என்று போதித்த மார்ட்டின் லூத்தரே, 1517ஆம் ஆண்டில் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதாக, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்ற கருத்தையே வைத்தார். ஓர் இரவின் கண்ணீரை அவர் சொல்லவில்லை. கத்தோலிக்கர் பாவ மன்னிப்புக்குரிய திருச்சடங்கை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கின்றனர். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் மறைக்கல்வி நூல், களவாடிய பொருளைத் திருப்பித் தருவது போன்று இயன்ற அளவு இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. ஒப்புரவு என்ற சொல்லுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். அதன் பொருள் பிறரோடு இசைந்து, பிறருக்குப் பயன்பட வாழ்தல். இன்னொரு மனிதர் இல்லாமல் ஒப்புரவு ஏது?

இரண்டாம் மறுப்பு: “தாவீது மனந்திரும்பினார், தேவன் மன்னித்தார். நியாயந்தீர்க்க நீ யார்?” தாவீது தம் சங்கீதத்தில் தேவனுக்கு எதிராக மட்டுமே பாவம் செய்ததாக அறிக்கையிட்டது உண்மை. ஆனால், அதை எடுத்துக்கொண்டு, உரியாவுக்குச் செய்த தீங்கு கணக்கில் இல்லை என்று வாதிடலாமா? தாவீது மன்னிக்கப்பட்டார், விளைவுகளிலிருந்து விடுவிக்கப்படவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது, அந்த ஆட்டுக்கு நான்கு மடங்கு ஈடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவரும் தாவீதே! தாவீதின் கண்ணீரை மேற்கோள் காட்டுவோர் தாவீதின் தீர்ப்பையும் காட்ட வேண்டாமா?

மூன்றாம் மறுப்புத்தான் மிகவும் கொடியது: “ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும்.” இதைத் தவறு செய்தவரிடம் யாரும் சொல்வதில்லை, பணம் இழந்தவரிடம் சொல்கிறார்கள். மன்னிப்பைப் பற்றிய அந்தப் போதனை மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்னால், குற்றம் செய்த சகோதரனைத் தனியாகச் சந்தித்து உணர்த்து, கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போ, அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்ற ஒழுங்கும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குரிய அந்த வழியை அடைத்துவிட்டு, மன்னிக்கும் கடமையை மட்டும் அவர் தலையில் ஏற்றுவது அருளுரை அன்று, கொடுமை. மன்னிப்பு அந்த அம்மையார் தரவேண்டிய கொடை. அதைப் பிறர் அவரிடமிருந்து வசூலிக்க முடியாது.

இவ்வளவு பேசும் நான் யோக்கியமானவளா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

இச்சம்பவத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, என் வகுப்பில் 10 வெள்ளி காணாமல் போனது. ஏற்கெனவே பெயர் கெட்டிருந்த ஒரு மாணவனை எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் அவன் பையைக் கொட்டச் செய்தேன். பணம் கிடைக்கவில்லை. “எங்கே ஒளித்தாய்?” என்று அதட்டினேன். மறுநாள் அந்த நோட்டு என் நாள்பாடத் திட்டப் புத்தகத்தின் இடையில் இருந்தது. “பணம் கிடைத்துவிட்டது” என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

அந்த ஞாயிறு திருவிருந்து. பாவ அறிக்கையின்போது எனக்குக் கண்ணீர் பெருகியது. மனம் இலேசாயிற்று. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். திங்கட்கிழமை அந்தப் பையன் தலை நிமிரவில்லை. என் மனம் இலேசானதால் அவனுக்கு ஆன பயன் என்ன? பொது அறிக்கையில் ‘நாங்கள்’ பாவம் செய்தோம் என்கிறோம். அந்தப் பன்மைக்குள் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. “பரவால்ல டீச்சர்” என்றான். ஆனால், அதன் பிறகும் வகுப்பில் யாருடைய அழிப்பான் காணாமல் போனாலும், முதலில் தன் பையைத் திறந்து மேசைமேல் வைத்தவன் அவன்தான். சிலவற்றை முழுமையாகத் திருப்பித் தர முடிவதில்லை. அதனால்தான் தரமுடிந்ததை உடனே தந்துவிட வேண்டும். பணத்தைத் தரலாம். எல்லார் முன்னும் பறித்த பெயரை எல்லார் முன்னும் தரலாம்.

ஆகவே, சபைகளுக்கு என் வேண்டுகோள் இவைதாம். பணத்தில் தவறு செய்தவர் மேடையில் சாட்சி சொல்லுமுன், பாதிக்கப்பட்டவரைச் சந்தித்து, எப்போது எவ்வளவு திருப்பித் தரப்போகிறார் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் 200 வெள்ளியாகத் தரட்டும். அதையும் கனி என்றே ஏற்போம். அது முடியும் வரை அவருக்குப் பொறுப்புப் பதவி வேண்டாம். பாதிக்கப்பட்டவரைச் சபையே தேடிச் சென்று, “நாங்கள் கைதட்டியது தவறு” என்று சொல்லட்டும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளையைத் தவறாக அடித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பது மன்னிப்புக் கேட்பதாகாது. “அம்மா செஞ்சது தப்பு” என்ற மூன்று சொற்களை வாய்திறந்து சொல்லுங்கள். உங்கள் மதிப்புக் குறையாது.

இவற்றை ஊருக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அன்று நானும் கைதட்டினேன். வரும் சனிக்கிழமை காலை அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போகிறேன். பணம் என்னிடமிருந்து போனதன்று. ஆயினும், என் கைதட்டலுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் நிர்வாகக் குழுவுக்கு என் பெயரிட்டுக் கடிதம் எழுதுவேன்.

அந்தப் பேரன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அவன் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

சிந்திப்போம். திருத்தம் எழுதுவோம்.