பள்ளியின் கடைசி வருஷம் யாருக்காக?

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்தை நெருங்கும் பிள்ளைக்கு, அதிலும் மாணவர்களுக்குத் தலைமை வகிக்கும் பிள்ளைக்கு, பெரியவர்கள் செய்யும் உபதேசம் எல்லா நாட்டிலும் ஒன்றேதான். "பரீட்சை வருகிறது, வம்புக்குப் போகாதே, நாளைக்கு வெளியே போகப் போகிற உனக்குப் பள்ளிக்கூடம் எக்கேடு கெட்டால் என்ன?" என்பதே அது. இது அன்பினால் சொல்லப்படுவது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்பினால் சொல்லப்பட்டதாலேயே ஒரு வார்த்தை நியாயமாகி விடுமா? நடந்த ஒரு காரியத்தை வைத்தே இதைப் பரிசீலித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில், பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவில், பார்ம்வில் என்று ஓர் ஊர். வெள்ளைப் பிள்ளைகளும் கருப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்பது அக்காலத்தில் அந்த மாகாணத்தின் சட்டம். கருப்பர்களுக்கென்று 1939-ல் கட்டிய மோட்டன் ஹைஸ்கூல் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் அதில் படித்தவர்களோ 450 பேருக்கு மேல். இடம் போதவில்லை என்று கேட்டதற்கு, தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவன் வேக வேண்டும், தூரத்தில் இருப்பவன் விறைக்க வேண்டும். விளையாட்டுக் கூடம் கிடையாது. சாப்பாட்டுக் கூடம் கிடையாது. விஞ்ஞானப் பரிசோதனைச் சாலை கிடையாது. புதுக் கட்டிடம் கேட்டுப் பெற்றோர்கள் போன போதெல்லாம், "ஆகட்டும், பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைத்தது.

அங்கே படித்த பார்பரா ஜான்ஸ் என்னும் பெண்ணுக்கு அப்போது 16 வயது. பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பள்ளியின் அவலத்தைச் சங்கீத உபாத்தியாயினியிடம் சொல்லிக் குறைபட்டுக் கொண்ட போது, அவர், அப்படியானால் நீ ஏன் ஏதாவது செய்யக் கூடாது என்று கேட்டார். இப்படிக் கேட்டால் நம்மில் பலர் வாயடைத்துப் போவோம். அந்தப் பெண்ணோ அதைக் கேள்வியாகவே எடுத்துக் கொண்டு, சில தோழர்களுடன் இரகசியமாகத் திட்டம் போட்டாள். 1951 ஏப்ரல் 23-ந் தேதி, தலைமை உபாத்தியாயரைப் பொய்ச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி, உபாத்தியாயர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். பள்ளி முழுவதும் வெளிநடப்புச் செய்தது. சுமார் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் நடந்தது.

"பொய் சொல்லலாமா?" என்று கேட்கும் யோக்கியர்கள் இருப்பார்கள். ஒரு நாளைக்குச் சொன்ன பொய்யைக் கணக்குப் பார்க்கும் இவர்கள், வருஷக் கணக்காக "ஆகட்டும்" என்று சொன்ன பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

நிற்க, அப்பிள்ளைகள் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டிடம் மாத்திரமே. உதவிக்கு வந்த வக்கீல்கள், "தனிப் பள்ளியே ஒழிய வேண்டும் என்று வழக்காடுவதானால் வருகிறோம்" என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சம்மதித்தார்கள். 117 மாணவர்கள் பேரால் வழக்குப் போடப்பட்டது. வழக்கின் பெயரில் தலைவியின் பெயர் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த டோரதி டேவிஸின் பெயரே இருக்கிறது. இதுவும் பொருத்தந்தான். பலனை அடைய வேண்டியவர்கள் பின்னால் வருகிறவர்கள் அல்லவா?

வழக்கு நடக்கும் போதே, 1953-ல், கருப்பர்களுக்குப் புதுப் பள்ளிக்கூடம் எழும்பிவிட்டது! அத்தனை வருஷம் இல்லாத பணம் திடீரென்று எங்கிருந்து வந்தது? பிரித்து வைப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பணம் வரும் போலும். 1954 மே 17-ல் சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிகளில் நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அத்தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் மாணவர் கிளர்ச்சியிலிருந்து பிறந்தது இது ஒன்றே.

அப்பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? மிரட்டலுக்குப் பயந்து பெற்றோர் அவளை அலபாமாவில் மான்ட்கோமரியிலிருந்த தகப்பனாரின் சகோதரரிடம் அனுப்பிவிட்டார்கள். பள்ளியின் கடைசி வருஷத்தை அவள் தன் தோழிகளோடு கழிக்கவில்லை. அந்நிய ஊரில் கழித்தாள். புதுக் கட்டிடத்தில் ஒரு நாள் கூட உட்கார்ந்து படிக்கவில்லை. பின்பு புத்தகசாலை அதிகாரியாக வேலை பார்த்து, 1991-ல் காலமானாள்.

இதற்கு எதிராக ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. சேர்த்துப் படிக்க வைப்பதை விட மூடிவிடுவது மேல் என்று அந்த ஜில்லாவார் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகள் யாவற்றையும் மூடி வைத்தார்கள். வெள்ளையர் தங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைத்துக் கொண்டார்கள். கருப்புப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் படிப்பை இழந்தார்கள். "பார்த்தீர்களா, கிளர்ச்சியின் பலனை?" என்பார்கள். அந்தப் பிள்ளைகளின் நஷ்டம் சாமானியமானதல்ல. அதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூட்டுப் போட்டது யார் கை? பூட்டினவனை விட்டுவிட்டுக் கதவைத் தட்டினவளைக் குற்றஞ் சொல்வது எந்த ஊர் நியாயம்? 1964-ல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு அப்பூட்டைத் திறக்க வைத்தது.

ஆகவே தோழர்களே, மாணவர் தலைமை என்பது கொடியேற்றும் போது முன்னே நிற்பதும், வரும் பிரமுகருக்கு மாலை போடுவதும் மாத்திரமா? பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்கு, இருக்கிற பிள்ளைகளுக்கில்லாத ஒரு வசதி உண்டு. பள்ளியின் குறைகளெல்லாம் அதற்குத் தெரியும்; அவற்றைத் தீர்ப்பதால் தனக்கு ஆகப் போகும் இலாபம் எதுவும் இல்லை. சுயநலமின்றிப் பேச இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்? உங்கள் பிள்ளை கடைசி வருஷத்தில் வந்து, பள்ளியில் இன்ன அநியாயம் நடக்கிறது என்று சொன்னால், "உனக்கென்ன?" என்று வாயை அடைக்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கவும் சொல்லுங்கள்; அடுத்த வருஷம் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறவன் யார் என்று நினைக்கவும் சொல்லுங்கள்.